மணிப்பூவும் பன்னிரண்டு மாவுக்கட்டும்

என் தோட்டம் பெரியதில்லை, ஐயா. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் மூன்று படி. மூன்றாவது படிக்குக் கீழே இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண். மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் வந்து பாதிப் பாத்தியை மூடிவிடும். இவ்வளவுதான். செய்தித்தாளில் "பரந்த தோட்டம்" என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் ஏறக்குறையச் சரி.

நான் மருத்துவமனையில் மாவுக்கட்டு அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து எங்கே கட்ட வேண்டும், எத்தனை வாரம் என்று எழுதித் தருவார். கட்டுவது நான். அங்கே எல்லோருக்கும் நான் மாவக்கா. மாவுச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்க வேண்டும். குமிழ் வருவது நின்றதும் எடுத்து, இரண்டு நுனியையும் பிடித்து லேசாக அழுத்தி, பஞ்சு சுற்றிய காலின்மேல் நிதானமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் புண் வரும். என் கட்டில் இதுவரை ஒருவருக்கும் புண் வந்ததில்லை. என் கணவருக்கும் வரவில்லை. மருத்துவர் உங்களிடம் இதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

என் கணவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பாடப் புத்தகம், ரயில் அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துக் காகிதம், எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அச்சகத்தில் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார், குடிக்க மாட்டார், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். ஒரே ஒரு பழக்கம். எங்கே எது தேவையில்லாமல் இருக்கிறதோ அதை எடுத்துவிடுவார். நான் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று, "அந்த 'வந்து' வேண்டாம், அது இல்லாமயே அர்த்தம் வருது" என்பார். நானும் விட்டுவிடுவேன். பத்தொன்பது வருஷத்தில் இப்படி நான் விட்ட சொற்கள் நிறைய.

ஒரு தோட்டக்காரர் மணிக்கட்டு உடைந்து எங்களிடம் வந்தார். கட்டுப் பிரித்த அன்று சந்தோஷத்தில் ஒரு விதைப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். மேலே நீளமாக ஒரு பெயர் இருந்தது. எனக்கு வாயில் நுழையவில்லை. படத்தில் கிண்ணம் கிண்ணமாக, மணியைக் கவிழ்த்த மாதிரி நீலப் பூ. நான் மணிப்பூ என்றே வைத்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "முதல் வருஷம் இலை மட்டும்தாம்மா வரும். தரையோட தரையா ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். குளிர் காலம் முழுக்க அப்படியே இருக்கும். ரெண்டாவது வருஷம்தான் தண்டு விட்டுப் பூக்கும். பூத்ததும் செத்துடும். பொறுமை இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பாதிப் பேரை ஆறு வாரம் பொறுக்கச் சொல்வதுதானே என் பிழைப்பு.

விதை போட்டேன். முளைத்தது. பதினோராவது மாதம் ஒரு விடுமுறை நாள் எனக்கு மட்டும் வேலை இருந்தது. திரும்பி வந்தபோது பின்கதவு திறந்திருந்தது. பாத்தி புதிதாக வழித்த மாவு மேசை மாதிரி இருந்தது. அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார், "ஒரு பூவும் இல்லாம சும்மா இலையாக் கெடந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்."

நான் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். வருத்தப்பட்டார். ஈராண்டுத் தாவரம் என்ற சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லில் ஒற்று விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்ததே அவர்தான். அதற்கு என்ன பொருள் என்று அப்போது யோசிக்கவில்லையாம்.

இரண்டாவது முறை ஒரு பலகை எழுதி வைத்தேன். "இங்கே ஈராண்டுச் செடிகள் உள்ளன பிடுங்க வேண்டாம்." மறுநாளே "உள்ளன"வுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. படித்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். குளிர் முடிகிற சமயத்தில் அவற்றையும் பிடுங்கிவிட்டார். பலகை பழைய பலகை, செடி புதுக் களை என்று நினைத்தாராம். பலகையையும் எடுத்துவிட்டார். காலி மண்ணுக்குப் பலகை எதற்கு என்பது அவர் கேள்வி. கேள்வியில் தவறில்லை.

இரண்டு முறையும் நான் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்த காரியம் என்று யாராவது எழுதினால் அது பொய்.

மூன்றாவது முறை விதைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முதல் நாள் இரவு பெய்த மழையில் படி ஈரமாக இருந்தது. வழுக்கி விழுந்தார். அதற்கு நான் காரணமில்லை. முதல் விழுதல் முழுக்க முழுக்க மழையின் வேலை.

இடது கணுக்கால் வீங்கியிருந்தது. நான் உட்கார்ந்து நான்கு இடத்தில் அழுத்திப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்துக் கை. எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்கு. துணிக்கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வைத்தால் பத்து நாளில் நடப்பார். நடந்தால் எங்கே போவார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாற்பத்தொரு செடி. உள்ளங்கை அளவு இலை விட்டு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவரும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன்.

இந்த ஒரு சொல்தான், ஐயா. மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை.

ஒரு வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஞாயிறு எலும்பு மருத்துவர் வர மாட்டார். மாவுக்கட்டு அறைச் சாவி என்னிடம் இருக்கும். முழங்காலுக்குக் கீழே பாதம் வரை கட்டினேன். நல்ல கட்டு. மாவு இறுகும்போது சூடாகும். பயந்துவிட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆறு வாரம்," என்றேன். தலையாட்டினார். அவர் திருத்தாத முதல் வாக்கியம் அது.

அச்சகத்திலிருந்து தாள்களை வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். முன்னறை ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, மடியில் அட்டை வைத்துத் திருத்துவார். ஆறு வாரம் செடிகளை யாரும் தொடவில்லை. இலை இரண்டு மடங்காயிற்று.

ஆறு வாரம் முடிந்தது. செடிக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்தது.

கட்டுப் பிரிக்கும் ரம்பத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து வெட்டினேன். அது அதிரும், தோலை அறுக்காது. காலை வெந்நீரில் கழுவி, உரிந்த தோலைத் துடைத்து, எண்ணெய் தடவினேன். பிறகு ஒரு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பழைய படங்கள் எங்கள் அறை அலமாரியில் குவிந்து கிடக்கும், யாரும் திரும்பி வந்து கேட்க மாட்டார்கள். யாரோ ஒருவரின் கணுக்கால் அது. நன்றாக உடைந்திருந்தது.

"இன்னும் கூடலை," என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முகத்தை அருகில் கொண்டுவந்து பார்த்தார். எலும்பை அவர் பார்க்கவில்லை. மூலையில் இருந்த சீட்டைப் பார்த்தார்.

"வயசு எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கே."

"தப்பாப் போட்டிருப்பாங்க."

"கவனமே கிடையாது," என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் அங்கிருந்த பெயரையும் எழுபத்திரண்டையும் அடித்து, தன் பெயரையும் ஐம்பத்தொன்றையும் எழுதினார். நீங்கள் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் படங்களில் மேலே இருக்கிறதே, அதுதான். பிறகு வந்த படங்களிலும் எங்கே பிழை இருக்கிறது என்றுதான் பார்த்தார். ஒன்றில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, அதையும் திருத்தினார். ஒருமுறை அவசரத்தில் நான் கொண்டு வந்தது மணிக்கட்டுப் படம். பக்கவாட்டில் எடுத்தால் கணுக்கால் இப்படித்தான் தெரியும் என்றேன். தேதி சரியாக இருந்ததால் ஒப்புக்கொண்டார்.

மாவுச் சுருள்களும் பஞ்சும் வேலையிடத்திலிருந்து எடுத்து வந்தவை. அது திருட்டு. அது தவறுதான், மறுக்கவில்லை.

இதற்கிடையில் என் நாத்தனார் வந்து சேர்ந்தார். அவருடைய அக்கா, தையல் வகுப்பு நடத்துகிறவர், தனி ஆள். தம்பி நான்கு மாதமாகக் கட்டோடு கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, பெட்டியும் பெரிய கத்தரிக்கோலுமாக வந்து இறங்கினார். நல்ல மனுஷி. வந்த மறுநாளே சமையலறையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் துணி வெயிலில்தான் காய வேண்டும் என்பது அவர் கட்சி. பாத்தியின் குறுக்கே ஒரு கொடி கட்டினார். தினமும் ஈரத் துணியோடு செடிகளுக்கு நடுவே பூனை மாதிரி அடி வைத்து நடப்பார். பூனை மிதிக்காது. இவர் மூன்று செடியை மிதித்தார்.

கொடியை வேறு பக்கம் கட்டலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "இலைக்காடா கெடக்குற எடத்துக்கு என்னம்மா இவ்ளோ மரியாதை?" என்று சிரித்தார். உடன்பிறப்புகள் அல்லவா.

ஒரு வாரம் கழித்துக் குதிகால் குத்துகிறது என்றார். வயதானால் யாருக்கும் குத்தும்.

"காட்டுங்க அண்ணி," என்றேன்.

அவருக்குக் காட்டப் படமே தேவைப்படவில்லை. மயிரிழை விரிசல், படத்தில் தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். என் கையை மரியாதையோடு பார்த்தார். முன்னறையில் தம்பிக்கு எதிரே இன்னொரு நாற்காலி, இன்னொரு ஸ்டூல் போட்டேன்.

அதற்குப் பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது. அக்கா மூலப் பிரதியை உரக்கப் படிப்பார், தம்பி அச்சுத் தாளில் சரிபார்ப்பார். "காலை ஆறு நாற்பது, கால் புள்ளி, தடம் இரண்டு." "சரி." அச்சகத்தில் வேலை இரண்டு மடங்கு வேகமாக முடிகிறது என்று பாராட்டி ஒரு மின்விசிறி அனுப்பினார்கள். நான் வேலை முடிந்து மாலை கதவைத் திறந்தால் இரண்டு தலையும் ஒன்றாக நிமிரும். "வந்துட்டியா" என்பார்கள். இன்றைக்கு யார் யாருக்கு எது உடைந்தது என்று கேட்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து சொல்வேன். வந்து, போய் என்று இழுத்து இழுத்துத்தான் சொல்வேன். அவர் ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை.

குளிர் காலம் வந்தது. செடிகள் சுருங்கி, விளிம்பு பழுப்பாகி, செத்தது போலக் கிடந்தன. சாகவில்லை. மணிப்பூவுக்குக் குளிர் படாவிட்டால் பூக்கவே பூக்காது.

குளிர் முடிகிற சமயத்தில் ஒரு நாள் பாத்தியில் தடம் பார்த்தேன். ஒரு செருப்பின் தடம், ஒரு தடியின் வட்டம், நடுவில் எதையோ இழுத்துப் போன கோடு. இரண்டு செடி நசுங்கியிருந்தது. விசாரித்தேன். என்னை அசத்த வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியாமல் பத்து நாளாக நடந்து பழகுகிறாராம். "இன்னைக்குத் தோட்டம் வரைக்கும் போயிட்டு வந்தேன்," என்றார். முகமெல்லாம் மலர்ச்சி. கொஞ்சம் களை இருந்ததாம், நாளைக்குக் கவனிக்கிறேன் என்றார்.

பூக்க நான்கு மாதம்தான் இருந்தது. மூன்றாவது தடவை. உங்களுக்குத் தோட்டம் இருக்கிறதா, ஐயா? இல்லையென்றால் பரவாயில்லை.

மறுநாள் காலை இரண்டாவது படியில் குளியல் சோப்பைத் தேய்த்தேன். துணி சோப்பு தோலுக்கு எரிச்சல். கீழே பழைய மெத்தையை விரித்து வைத்தேன். இந்த மெத்தையைப் பற்றி மருத்துவர் நல்லவிதமாக ஏதோ சொன்னதாகக் கேள்வி. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன். மெத்தை செடிகளுக்காகத்தான். அவர் நேரே விழுந்தால் முன்வரிசையில் ஒன்பது செடி போகும்.

மெத்தைமேல்தான் விழுந்தார். ஆனால் வலது கால் படியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அழுத்திப் பார்த்தேன். இந்த முறை உடைந்திருந்தது. ஆகவே வலது கால் கட்டில் எந்த மோசடியும் இல்லை. நிஜ முறிவுக்கு நிஜக் கட்டு. அதை உங்கள் பட்டியலிலிருந்து நீங்கள் எடுத்துவிடலாம். மருத்துவரிடம் காட்டாமல் நானே எலும்பை நேராக்கிக் கட்டியது உண்மை. காட்டினால் இடது காலையும் பார்ப்பார். கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். ஒரு விரல் கனம்கூட இருக்காது.

வலியில் அவர் கத்தவில்லை. அழுதார். "உனக்கு எவ்ளோ கஷ்டம் குடுக்கறேன் பாரு," என்றார். பரவாயில்லை என்று சொன்னேன். அப்போது உண்மையிலேயே எனக்குப் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

பதினாறாவது மாதம் பூத்தன.

முப்பத்தாறு செடி. இடுப்பு உயரத்துக்குத் தண்டு, தண்டுக்குப் பத்துப் பதினைந்து மணி. நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சில வெள்ளையும் சில ரோஜா நிறமுமாக வந்தன. ஒருவர்பின் ஒருவராக நாற்காலியோடு இழுத்துக்கொண்டு போய்ப் பின்கதவில் நிறுத்தினேன். நாத்தனார் "அடேயப்பா" என்றார், அவ்வளவுதான். என் கணவர் ஒரு தண்டில் எத்தனை மணி என்று எண்ணினார்.

"இதையா நான் ரெண்டு தடவை பிடுங்கினேன்?" என்று கேட்டார்.

"ஆமா."

"எத்தனை நாள் இருக்கும்?"

"மூணு வாரம்."

"அப்புறம்?"

"செத்துடும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்துவிட்டேன். எனக்கு அவர்மேல் இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

மூன்று வாரத்தில் பூ உதிர்ந்தது. விதை முற்றிக் காய்ந்ததும் எடுத்து வைத்தேன். செடிகள் பழுப்பாகிச் சாய்ந்தன. பிடுங்கி, மண்ணைக் கொத்திப் புரட்டிப் போட்டேன். ஆறு வாரம் வந்தது. இடது கால் கட்டைப் பிரித்தேன், கழுவினேன், படம் காட்டினேன், கட்டினேன். வலது கால் கட்டைப் பிரிக்காமல் அப்படியே விட்டேன்.

கண்டுபிடித்தது நாத்தனார். கட்டுக்குள் அரிப்பு தாங்காமல் முதலில் பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்திருக்கிறார். ஊசி எட்டாத இடம் வந்தபோது, நான் வேலைக்குப் போன நேரங்களில், அந்தப் பெரிய கத்தரிக்கோலால் தினம் ஒரு விரலளவு வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டது. எழுந்து குளியலறை வரை நடந்தாராம். திரும்பியும் நடந்தாராம். ஒரு வலியும் இல்லை. தம்பியிடம் சொல்லவில்லை. வெட்டிய கட்டை மறுபடி காலில் மாட்டி, மேலே துணி சுற்றித் தையல் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று வாரம் அப்படியே இருந்தார். ஏன் உடனே சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா? நான் கேட்டேன். சுடச்சுடக் காபி கையில் வருகிறதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தாராம். வெளிப்படையான மனுஷி.

பிறகு என் பெட்டியிலிருந்த படங்களை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போய்விட்டார். பதினொரு படம், பதினொரு ஆள், எல்லாவற்றிலும் சிவப்பு மையில் ஒரே பெயர்.

அன்று மாலை நான் கதவைத் திறந்தபோது மருத்துவர் முன்னறையில் இருந்தார். நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். அதிலிருந்தே விஷயம் புரிந்துவிட்டது. மருத்துவர் என் ரம்பத்தை எடுத்து அவராகவே என் கணவரின் இரண்டு கால் கட்டையும் வெட்டினார். எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, அவருக்கு வெட்டிப் பழக்கமில்லை. இரண்டு காலும் துடைப்பக் குச்சி மாதிரி வெள்ளையாக வந்தன. எழுந்து நிற்கச் சொன்னார். என் கணவர் கையை ஊன்றி எழுந்தார். நிற்க முடியவில்லை. மறுபடி முயன்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது கணுக்கால் மடங்கவே இல்லை. பதினேழு மாதம் அசையாத மூட்டு அப்படித்தான் ஆகும், எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருஷம் பயிற்சி கொடுத்தால் தடியோடு நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

என் கணவர் என்னைக் கேட்டார். "எடது கால் எப்போ கூடுச்சு?"

"அது உடையவே இல்லை," என்றேன்.

அவர் தன் இடது கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அப்போ பன்னெண்டு கட்டும் தப்பா?"

"பன்னெண்டும்."

"முப்பது வருஷ வேலைல இவ்ளோ பெரிய பிழைய நான் விட்டதே இல்ல," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தன்மேல்தான் வருத்தம். நேற்று உங்களிடம் அவர் எனக்காகப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அவள் அன்பில்தான் செய்தாள் என்றாராம். அதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம். அவர் வார்த்தைகளை அவ்வளவு அளந்து பேசுகிறவர், இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. நான் பூவுக்காகத்தான் செய்தேன். ஒரு பூ, இரண்டு வருஷம், யாரும் மிதிக்காமல் இருக்க வேண்டும். இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை.

நீங்கள் மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். பூத்து முடிந்துவிட்டது, செடியைப் பிடுங்கியாயிற்று, அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் நான்கு கட்டு எதற்கு, அப்போது பாத்தியில் என்ன போட்டிருந்தேன் என்கிறீர்கள்.

ஒன்றும் போடவில்லை, ஐயா. மாலை ஆனால் அவர்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருப்பார்கள், பேச்சிலேயே பொழுது போய்விடும். விதைக்க மறந்துவிட்டேன். அந்த ஐந்து மாதமும் அங்கே வெறும் மண்தான்.

ஆனால் நன்றாகக் கொத்திப் புரட்டிய மண். யாராவது நடந்தால் இறுகிப்போயிருக்கும்.